கேரவன் பாடி எங்கே இற்றுப்போகத் தொடங்குகிறது?

வேளாங்கண்ணிக்கும் திருநள்ளாற்றுக்கும் வருகிற வண்டிகளுக்கு நடுவே படுக்கை, சமையல் மேடை, கழிப்பறை எல்லாம் வைத்துக் கட்டிய கேரவன்களையும் இப்போது அவ்வப்போது பார்க்க முடிகிறது. அப்படிப்பட்ட வண்டி ஒன்று பழைய விலைக்கு வந்தால், பார்க்கப் போகிறவர் முதலில் அதைச் சுற்றி வந்து பெயிண்டைத்தான் பார்க்கிறார். பெயிண்ட் பளபளவென்று இருந்தால் பாடி நன்றாக இருக்கிறது என்றும், மங்கியோ நெளிந்தோ இருந்தால் பாடி போய்விட்டது என்றும் அங்கேயே தீர்ப்புச் சொல்லிவிடுகிறார். இந்த இரண்டு தீர்ப்புகளுமே பெரும்பாலும் தவறிப்போகின்றன. எங்கள் சித்தப்பா வாங்கிய வண்டியில் நானும் அப்படித்தான் ஏமாந்தேன் என்பதால், விஷயத்தை அடியிலிருந்து எழுதிப் பார்க்கலாம் என்று தோன்றியது.

கேரவன் என்ற சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. வெளிநாடுகளில் காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போகிற சக்கர வீட்டைத்தான் பெரும்பாலும் கேரவன் என்கிறார்கள். நம் பக்கம் வேன் அல்லது சிறு பஸ்ஸின் சேஸிஸ், அதாவது சக்கரங்களைத் தாங்கும் அடிச்சட்டத்தின் மேல் வீடு போல் பாடி கட்டிய வண்டிக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. ஓட்டும் விதம் வேறானாலும், வெளிப்பாடி கெடுகிற விதம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

ஓட்டு வீட்டின் கூடுவாய்

தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கத்து ஓட்டு வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. இரண்டு பக்கத்துக் கூரைச் சரிவுகளும் ஒன்றுகூடி, மழைத் தண்ணீர் முழுவதும் வந்து சேர்ந்து ஓடுகிற உள்மூலையைக் கூடுவாய் என்போம். ஓடு நூறு வருஷம் கூடத் தாங்கும். ஆனால் கூடுவாயில் தகடு நகர்ந்து ஒரு விரற்கடை இடைவெளி விழுந்தால் போதும், அதன் அடியிலுள்ள மரம் நாலைந்து மழைக்காலத்தில் இற்றுவிடும். அதற்குள் தண்ணீர் சட்டத்தின் வழியே பத்தடி ஓடி, சம்பந்தமே இல்லாத அறையில் சொட்டத் தொடங்கியிருக்கும்.

கேரவனின் வெளித்தகடு ஓட்டுக்குச் சமம். ஜன்னல் ஓரம், கூரையும் சுவரும் சேரும் மூலை, கூரையில் காற்றுக்காக வெட்டிய திறப்பு, பின்விளக்கு, ஏணியைப் பிடித்திருக்கும் போல்ட், தண்ணீர்த் தொட்டிக்கு வைத்த மூடி ஆகிய ஒவ்வொன்றும் ஒரு கூடுவாய். சாதாரணக் காரை ஒப்பிட்டால் கேரவனில் இத்தகைய துளைகள் பல மடங்கு அதிகம். ஒரு வீட்டுக்குரிய வசதி ஒவ்வொன்றும் பாடியில் ஓர் ஓட்டையைக் கேட்கிறது.

தகட்டுக்குப் பின்னால் இருப்பது

1885ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில், கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்ற மருத்துவருக்காகக் கட்டப்பட்ட ‘வாண்டரர்’ என்ற குதிரை வண்டியை உல்லாசப் பயணக் கேரவன்களுக்கு முன்னோடி என்று சொல்வார்கள். அதன் பாடி முழுக்க மஹோகனியும் மேப்பிளும். நம் தேர்களைப் போல மர வேலைதான். இன்று அப்படி யாரும் கட்டுவதில்லை. இப்போதைய பாடி பல அடுக்குகளால் ஆனது.

வெளியே அலுமினியத் தகடோ ஃபைபர் ஷீட்டோ இருக்கும். தகடாக இருந்தால் அதன் கனம் பெரும்பாலும் ஒன்றரை மில்லிமீட்டரைத் தாண்டாது. அதற்குப் பின்னால் பாரத்தைத் தாங்குகிற சட்டகம் உண்டு. நம்மூர்ப் பட்டறைகளில் அதை இரும்புச் சதுரக் குழாயால் வெல்டிங் செய்கிறார்கள், ஐரோப்பாவின் பழைய இழுவைக் கேரவன்களில் அது மரச்சட்டம். சட்டகத்தின் இடைவெளிகளில் வெயிலைத் தடுக்கும் நுரை அட்டையை அடைத்து, உட்பக்கம் பிளைவுட்டால் மூடுகிறார்கள். சில வண்டிகளில் வெளித்தோல், நுரை, உள்தோல் மூன்றையும் பசையால் ஒட்டி ஒரே பலகையாக்கிவிடுவார்கள். இதற்கு சாண்ட்விச் பேனல் என்று பெயர். இந்தப் பலகையின் பலம் அந்தப் பசையில்தான் இருக்கிறது. பசை விட்டுவிட்டால் மூன்று அடுக்கும் தனித்தனியே தொளதொளக்கும்.

வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிவது முதல் அடுக்கு மட்டுமே. கெடுதல் நடப்பதோ இரண்டாவது, மூன்றாவது அடுக்குகளில்.

சித்திரை வெயிலில் ஒரு கணக்கு

புதிதாக அடைத்த இணைப்பு ஏன் திறந்துகொள்கிறது? மழையைக் குற்றம் சொல்வதற்கு முன்னால் வெயிலைப் பார்க்க வேண்டும். சூடு ஏறினால் உலோகம் நீளும் என்பது பள்ளிப் பாடம். ஆனால் எல்லா உலோகமும் ஒரே அளவு நீள்வதில்லை. 6 மீட்டர் நீளமுள்ள அலுமினியத் தகட்டின் வெப்பம் 30 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் அது 4 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் நீளும். அதே நீளமுள்ள இரும்புக் குழாய் அதே சூட்டில் 2 மில்லிமீட்டருக்குச் சற்று மேல்தான் நீளும். இரண்டையும் ஸ்குருவாலும் ரிவெட்டாலும் சேர்த்துக் கட்டியிருக்கிறோம். அதிலும் தகடு நேர் வெயிலிலும் குழாய் உள்ளே நிழலிலும் இருப்பதால் வித்தியாசம் இன்னும் கூடும்.

இந்த இழுபறி ஒவ்வொரு பகலிலும் இரவிலும் நடக்கிறது. அதனுடன் பாலத்து ஏற்றத்திலும் கிராமச் சாலைக் குழியிலும் பாடி முறுக்கிக்கொள்வதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தகடுகளின் ஓரங்கள் இந்த அசைவுக்கு இடம் கொடுத்தபடியே தண்ணீரை விடாமல் இருப்பதற்காகத்தான் இணைப்புகளில் ரப்பர் போன்ற ஒரு பொருளை இடுகிறார்கள். அதுதான் சீலன்ட். பத்தமடைப் பாய் போல மடங்கிக் கொடுக்கும் வரைக்கும் அதற்கு உயிர் உண்டு. வெயிலில் காய்ந்து இறுகி, ஓரத்தில் மயிரிழை பிளவு விட்ட நாளிலிருந்து அது வெறும் அலங்காரம்.

அந்த மயிரிழை போதுமா என்று கேட்கலாம். குத்துவிளக்கின் திரியில் எண்ணெய் மேலேறுவதைப் போலவே, மிகக் குறுகலான இடைவெளியில் தண்ணீர் தானாக இழுக்கப்பட்டு உள்ளே போகும். நுண்புழை ஏற்றம் என்று இதைச் சொல்கிறார்கள். ஆகவே பெரிய ஓட்டையில் விழுந்து ஒழுகிவிடும் தண்ணீரைவிட, சிறு பிளவில் ஏறித் தங்கும் தண்ணீர் ஆபத்தானது. அது வெளியே வருவதற்கு வழி தெரியாமல் ஐப்பசியிலிருந்து தை வரை உள்ளேயே கிடக்கும்.

உள்ளே என்ன நடக்கிறது

இரும்பிலிருந்து தொடங்குவோம். இரும்பு, தண்ணீர், காற்றிலுள்ள ஆக்சிஜன் ஆகிய மூன்றும் சேர்ந்தால் துரு உண்டாகும். தண்ணீரில் உப்பு கரைந்திருந்தால் அதில் மின்சாரம் எளிதாகப் பாயும். இப்படி மின்சாரத்தைக் கடத்தும் கரைசலுக்கு மின்பகுளி என்று பெயர். துருப்பிடித்தல் என்பது அடிப்படையில் நுண்ணிய மின்னோட்டத்தால் நடக்கிற வேலை என்பதால், உப்பு அதை வேகப்படுத்துகிறது. கும்பகோணத்தில் நிற்கும் வண்டிக்கும், வேதாரண்யத்து உப்பளத்துப் பக்கம் கடற்காற்றில் நிற்கும் வண்டிக்கும் ஆயுள் வேறுபடுவதற்குக் காரணம் இதுதான். உருவாகும் துரு, கரைந்த இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடத்தை அடைப்பதால் மேலுள்ள பெயிண்டைத் தள்ளிக் கொப்புளமாக்குகிறது. கொப்புளம் தெரிகிறபோது அடியில் வேலை பாதி முடிந்திருக்கும்.

அலுமினியம் துருப்பிடிக்காது என்று எல்லோரும் சொல்வது அரைகுறை உண்மை. காற்றுப் பட்டவுடன் அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடுப் படலம் ஒன்று மூடிக்கொள்கிறது. அது மேற்கொண்டு அரிப்பைத் தடுக்கிறது. உப்பு அந்தப் படலத்தை ஆங்காங்கே துளைத்துவிடும். அதைவிட மோசமானது, அலுமினியம் வேறொரு உலோகத்தைத் தொட்டுக்கொண்டு ஈரத்தில் இருப்பது. எலுமிச்சம்பழத்தில் செம்புக் கம்பியையும் இரும்பாணியையும் செருகினால் மின்சாரம் வருகிறது என்று பள்ளியில் செய்து பார்த்திருப்போம். அலுமினியத் தகடு, இரும்பு ஸ்குரு, நடுவே உப்பு ஈரம் மூன்றும் சேர்ந்தால் அதே எலுமிச்சம்பழம்தான். இந்த ஜோடியில் கரைகிற பக்கம் அலுமினியம். ஸ்குருவைச் சுற்றிச் சுண்ணாம்பு போல வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அதுதான் அடையாளம். இதற்குக் கால்வானிக் அரிப்பு என்று பெயர். துருவுக்குப் பயந்து ஸ்டெயின்லெஸ் ஸ்குரு போடுகிறவர்கள் உண்டு. ஸ்குரு பிழைத்துக்கொள்ளும், அலுமினியம் முன்போலவே கரையும். உலோகம் இரண்டும் தொட்டுக்கொள்ளாதபடி நைலான் வாஷரோ டேப்போ சீலன்ட் படலமோ இடையில் இருக்க வேண்டும்.

பிளைவுட்டின் கதை வேறு. மரத்தைத் தின்பது பூஞ்சை. மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சை அதில் வளர முடியாது. அதற்கு மேலேறி நெடுநாள் நின்றால் மரம் நார் நாராகும். படகுத் தரம் என்று விற்கும் ஐ.எஸ். 710 (ஐ.எஸ். என்பது இந்தியத் தர எண்) பிளைவுட், சாதாரண ஐ.எஸ். 303 பிளைவுட்டைவிட அதிக நாள் தாக்குப்பிடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் வெளியேற வழியில்லாத தண்ணீருக்குள் எந்தப் பலகையையும் வருஷக்கணக்கில் நிறுத்தி வைக்க முடியாது.

இதுவரை பார்த்ததைக் கோத்துப் பார்த்தால், வெயில் இணைப்பைத் தளர்த்துகிறது, பிளவு தண்ணீரை இழுக்கிறது, தங்கிய தண்ணீர் இரும்பைத் துருவாக்கி, அலுமினியத்தைப் பொடியாக்கி, பலகையை மக்கச் செய்கிறது. பெயிண்ட் இந்த வரிசையில் எங்கும் வரவில்லை என்பதைக் கவனிக்கலாம்.

சித்தப்பாவின் வண்டி

2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தபோது, அந்த வண்டியின் கூரையில் தென்னை மட்டைகள் விழுந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நெளிவு உண்டாகியிருந்தது. பின்னால் விலை பேசியபோது நாங்கள் எல்லோரும் அந்த நெளிவைக் காட்டியே விலையைக் குறைத்தோம். இரண்டு மழைக்காலம் கழித்து, படுக்கைக்கு அடியில் நாற்றம் அடிக்கிறது என்று மன்னார்குடிப் பக்கத்துப் பட்டறை ஒன்றுக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்த மேஸ்திரி கூரையை ஏறெடுத்துக்கூடப் பார்க்கவில்லை. நேராகப் பக்கத்து ஜன்னலுக்குப் போய், கீழ் மூலையைச் சுற்றி விரல் கணுவால் தட்டிக்கொண்டே வந்தார். குயவரிடம் பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்போமே, அதே தட்டல். ஓரிடம் வரைக்கும் டங்கென்று கேட்ட சத்தம், மூலைக்கு அருகே ஈரத்துணியில் தட்டியதைப் போலச் செத்துப்போனது.

“தம்பி, ஒழுகுற எடம் ஒண்ணு, நாறுற எடம் ஒண்ணு. இங்க பிரிச்சாத்தான் தெரியும்,” என்றார்.

ஜன்னலின் ஓரத்தை மூடியிருந்த பீடிங் என்ற பட்டையை உரித்து ஸ்குருவைத் திருப்பினார். திருப்புளி சுற்றியது; ஸ்குருவின் தலை மட்டும் கழன்று அவர் கையில் வந்தது, மரை முழுவதும் துருவாகிக் காணாமல் போயிருந்தது. தகட்டை விலக்கியதும் பிளைவுட் ஊற வைத்த அவலைப் போல விரலில் பிசைபட்டது. சுவரின் அடிச்சட்டமாக இருந்த சதுரக் குழாயின் கீழ்ப்பக்கத்தில் ஆணியால் குத்தினார், பழுப்புத் தண்ணீர் ஒழுகியது. வெளியே பெயிண்டில் ஒரு கீறல்கூட இல்லை. கூரை நெளிவு இன்றும் அப்படியே இருக்கிறது; அதன் வழியாக ஒரு சொட்டும் உள்ளே போனதில்லை. உலோகம் கிழியாமல் நெளிந்தால் அது அழகுக் குறை மட்டும்தான்.

பட்டியும் சிலிகானும்

பழுது என்றதும் நம்மூரில் முதலில் கையில் எடுக்கப்படுவது பட்டி. பாலியெஸ்டர் பசையில் மாக்கல் பொடி கலந்த களிம்பு அது. ஹார்டனர் சேர்த்ததும் இறுகும். மேடு பள்ளத்தைச் சமன்செய்ய அது நல்ல பொருள். ஆனால் அதற்குத் துருவை நிறுத்தும் குணம் கிடையாது, ஈரத்தை ஓரளவு உறிஞ்சவும் செய்யும். துருவின் மேல் பட்டி போட்டுப் பெயிண்ட் அடிப்பது, ஓதம் ஏறிய சுவரில் சுண்ணாம்பு அடிப்பதற்குச் சமம். பொங்கலுக்குப் பளிச்சென்று இருந்த சுவர், அடுத்த தீபாவளி மழையில் செதில் செதிலாக உதிர்வதை நாம் பார்த்ததில்லையா?

சிலிகானைப் பற்றி என் மனத்தாங்கல் கொஞ்சம் அதிகம், ஏனென்றால் அந்தத் தவறைச் செய்தவன் நானே. ஒழுகிய ஜன்னலுக்குக் கண்ணாடிக் கடையில் கிடைத்த டியூபை வாங்கி வெளியே கோடு இழுத்தேன். திறந்தவுடன் காடி வாசனை அடிக்கிற வகை அது. அந்த வாசனை அசெட்டிக் அமிலத்துடையது. காயும்போது வெளிவரும் அந்த அமிலம் உலோகத்தை அரிக்கும். சிலிகானின் மேல் பெயிண்ட் ஒட்டாது. பிறகு அதைச் சுரண்டி எடுத்தாலும் மிஞ்சுகிற மெல்லிய பிசுக்கின் மேல் வேறு எந்தச் சீலன்ட்டும் சரியாகப் பிடிக்காது. எல்லாவற்றையும்விட, ஏற்கெனவே உள்ளே இருந்த தண்ணீரை நான் வெளியேற விடாமல் பூட்டிவிட்டேன். பாடி வேலைக்கு பாலியூரித்தேன் சீலன்ட், ஜன்னல் சட்டத்துக்கு அடியில் வைக்கிற பியூட்டைல் டேப் ஆகியவையே ஏற்றவை. இவை நெடுநாள் மெதுவாக இருந்து தகட்டின் அசைவுக்கு வளைந்து கொடுக்கும்.

சரியான பழுது எப்படிப் போகும்

முதல் வேலை தண்ணீரின் வழியைக் கண்டுபிடிப்பது. இரண்டாவது பிரிப்பது. மூன்றாவது காய விடுவது. அவசரப்படுகிறவர்கள் தவறவிடும் படி இதுதான். ஐப்பசி, கார்த்திகையில் டெல்டாவில் துவைத்த வேட்டியே இரண்டு நாளில் காய்வதில்லை. சுவருக்குள் இருக்கும் பலகை எங்கே காயும்? மாசி, பங்குனிதான் இந்த வேலைக்குக் காலம். இரண்டு முள் வைத்து மரத்தில் குத்திப் பார்க்கும் ஈரமானி ஒன்று கிடைத்தால், காய்ந்துவிட்டதா என்ற விவாதத்துக்கே இடமில்லை.

காய்ந்த பிறகு, மக்கிய பலகையை நல்ல மரம் தெரிகிற வரைக்கும் வெட்டி எடுத்து மாற்ற வேண்டும். இரும்புக் குழாய் இற்றிருந்தால் இற்ற பகுதியை அறுத்து எறிந்து புதுத் துண்டை வெல்டிங் செய்ய வேண்டும். ஓட்டை விழுந்த இரும்பை எந்தப் பூச்சும் மீட்காது. மேலோட்டமான துருவாக இருந்தால் கிரைண்டரும் கம்பிப் பிரஷ்ஷும் போட்டுச் சுத்தமான இரும்பு தெரியும்வரை தேய்க்கலாம்.

எவ்வளவு தேய்த்தாலும் குழிகளில் கொஞ்சம் துரு மிஞ்சும். அதற்குத்தான் துரு மாற்றி என்ற திரவம். அதில் பாஸ்பாரிக் அமிலமோ டானின் என்ற துவர்ப்புப் பொருளோ இருக்கும்; அது துருவோடு சேர்ந்து உதிராத வேறொரு பொருளாக அதை மாற்றிவிடுகிறது. டானின் வகையைப் பூசினால் சிவப்பாக இருந்த இடம் கருநீலமாகிக் கறுக்கும். கும்பகோணத்துக்கு அருகே கருப்பூர்க் கலம்காரித் துணியில் வரும் கறுப்பும் கிட்டத்தட்ட இதே வித்தைதான்: கடுக்காயில் உள்ள டானினும் இரும்புக் கரைசலும் சந்தித்தால் கறுப்பு பிறக்கிறது. ஆனால் இந்தத் திரவம் மெல்லிய படலத்துக்கு மட்டும் வேலை செய்யும். செதில் செதிலாக எழும்பிய துருவின் மேல் ஊற்றிப் பயனில்லை.

அதன்பிறகு பெயிண்டுக்கு அடிப்பூச்சான பிரைமர். நம் பட்டறைகளில் வழக்கமான ரெட் ஆக்சைடு மலிவானது. அதன் சிவப்புக்குக் காரணமான பொடி இரும்பு ஆக்சைடு, அதாவது துருவுக்கு நெருங்கிய உறவு என்பது வேடிக்கை. ஈரமும் உப்பும் படும் அடிப்பகுதிக்கு எபாக்ஸி பிரைமர் மேலானது. துத்தநாகம் நிறைந்த பிரைமர் என்றால் அது இரும்புக்குப் பதிலாகத் தானே முதலில் அரிபட்டு இரும்பைக் காப்பாற்றும். மேலே சொன்ன எலுமிச்சம்பழக் கணக்கை நமக்குச் சாதகமாகத் திருப்பிவிடுகிற ஏற்பாடு அது. பட்டி வேண்டுமென்றால் பிரைமருக்குப் பிறகு, மெல்லியதாக. பெயிண்ட் எல்லாவற்றுக்கும் கடைசியில்.

ஃபைபர் பாடி என்றால்

ஃபைபர் என்று நாம் சொல்வது கண்ணாடி இழைப் பாயை ரெசின் என்ற பிசினில் தோய்த்து இறுகவைத்த பொருள். கான்கிரீட்டில் சிமெண்டும் கம்பியும் செய்கிற வேலையைப் பிசினும் இழையும் பங்கிட்டுக்கொள்கின்றன. அதன்மேல் நிறத்துக்காகவும் காப்புக்காகவும் உள்ள பளபளப்பான பூச்சு ஜெல்கோட். இதில் துரு இல்லை, ஆனால் வெயிலில் ஜெல்கோட் வெளுத்து, தடவினால் கையில் மாவு ஒட்டும். அது பாலிஷில் சரியாகும். சிலந்தி வலை போன்ற வெடிப்பு தெரிந்தால் மட்டும் கவனிக்க வேண்டும். அடியிலுள்ள இழை உடைந்திருக்கலாம்.

உடைந்த இடத்தைப் பிசினால் அடைத்தால் நிற்காது. வெடிப்பைச் சுற்றி, ஷீட்டின் கனத்தைப் போல் ஏறக்குறைய 12 மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்த்து, அந்தச் சரிவில் இழைப் பாயை அடுக்கடுக்காக ஒட்டினால்தான் பழைய பாடியும் புதிய பாடியும் பிடித்துக்கொள்ளும். இந்த வேலை தெரிந்தவரைத் தேடிப் பெருநகரங்களுக்குப் போக வேண்டியதில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகுகள் பெருகிய நாகப்பட்டினக் கரையில், படகு பார்க்கிறவர்களுக்கு இது அன்றாட வேலை. கேரவன் ஷீட்டும் படகின் பக்கமும் அவர்களுக்கு ஒரே பொருள்தான். வீட்டில் முயல்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை உண்டு. ரெசினை இறுகச் செய்யும் ஹார்டனரையும், வேகப்படுத்தச் சேர்க்கும் கோபால்ட்டையும் ஒருபோதும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கக் கூடாது; தீப்பற்றும், வெடிக்கவும் செய்யும். கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலந்துவிட்டு, அதன்பின்தான் ஹார்டனரைச் சேர்க்க வேண்டும்.

வேலை முடிந்தபின் தண்ணீர் ஊற்றுதல்

பெயிண்ட் காய்ந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பாமல், ரப்பர் குழாயை வைத்துச் சோதிக்க வேண்டும். அதற்கும் ஒரு முறை இருக்கிறது. மேலிருந்து ஊற்றினால் தண்ணீர் எல்லா இணைப்புகளையும் ஒரே நேரத்தில் நனைத்துவிடும். ஒழுகினால் எது குற்றவாளி என்று தெரியாது. ஆகவே கீழ் இணைப்பில் தொடங்கி, ஒவ்வொன்றிலும் பத்து நிமிஷம் நிறுத்தி மேலே ஏற வேண்டும். உள்ளே ஒருவர் டார்ச் லைட்டோடு உட்கார்ந்து, பீடிங்குக்கு அடியில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சித்தப்பாவின் வண்டியில் அந்த வேலை என் தலையில் விழுந்தது. பக்கத்து ஜன்னல் தேறிவிட்டது. கூரைத் திறப்பின் முன்மூலையை எட்டியபோது என் பிடரியில் ஒரு சொட்டு விழுந்தது, மேஸ்திரி குழாயை மூடிவிட்டு மறுபடியும் திருப்புளியை எடுத்தார்.